புடலையில் தொங்கிய கல்

அத்தியாயம் 17

திங்கட்கிழமை காலையில் ஒரு புடலம்பிஞ்சின் நுனியில் கல் தொங்கியதை மருமகள் பார்த்ததும், வாளியை அப்படியே போட்டுவிட்டு ஓடிப்போய்த் தெருக்கதவைத் திறந்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். போன வாரம் அவளை அந்த வாசலிலேயே நிறுத்திவைத்துவிட்டு வந்துவிட்டேன். தப்புதான். தெருவில் ஒன்றும் இல்லை. பால் வண்டி நின்றது, எதிர்வீட்டுப் பூனை அதன் சக்கரத்தடியில் படுத்திருந்தது.

ஒரு கல்லைப் பார்த்து ஒருத்தி இப்படி ஓடுவாளா என்று, இந்த வாரம்தான் பக்கத்தைப் புரட்டுகிறவர்களுக்குத் தோன்றும். அவர்களுக்காகக் கொஞ்சம்.

புடலங்காயைச் சும்மா விட்டால் வளைந்து சுருண்டுகொள்ளும். நேராக இறங்கவேண்டுமென்றால் பிஞ்சிலேயே நுனியில் ஒரு கூழாங்கல்லைக் கட்டித் தொங்கவிட வேண்டும். ஊரெல்லாம் நூலில் கட்டுவார்கள். இந்த வீட்டு மூத்த மகன் பெரியவன் மட்டும் பழைய சைக்கிள் ட்யூபைக் கீற்றாக வெட்டி அதில் கட்டுவான். நூல் பிஞ்சை அறுத்துவிடுமாம். பம்பு மெக்கானிக் இல்லையா, எதற்கும் ரப்பர்தான். கீற்றின் ஒரு முனையில் ஓட்டை போட்டு மறுமுனையை அதற்குள் விட்டு இழுப்பான். முடிச்சே இருக்காது.

அந்தப் பெரியவன் ஒரு நாள் பழுப்புச் சட்டையை மாட்டிக்கொண்டு, பல்வலி என்று பல் டாக்டரிடம் போனான். அவன் சைக்கிள் அந்த டாக்டர் வீட்டு வாசலில் ஒழுங்காகப் பூட்டி நின்றது. அப்படி யாரும் உள்ளே வரவில்லையே என்றார் டாக்டர். அதோடு ஏழு வருஷம் ஓடிவிட்டது.

அவன் மனைவிதான் நம் மருமகள். கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறாள். ஏழு வருஷமாக மாமியாரோடும் கொழுந்தன் சின்னவனோடும் அதே வீட்டில்தான் இருக்கிறாள். பின்பக்கத் தோட்டத்துக் காய்தான் மூன்று பேருக்கும் சாப்பாடு. கத்தரி, வெண்டை, கீரை, மிளகாய் எல்லாம் உண்டு. பெரியவன் பம்புக் குழாய்களை வளைத்துப் போட்ட பந்தலில் இத்தனை வருஷமும் பாகல் மட்டும்தான் ஏறியது. புடலை என்ற பேச்சே வீட்டில் கிடையாது. காய்க்கடையில் கண்ணில் பட்டால்கூட மாமியார் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

இந்த வருஷம் பந்தலின் மூலையில் ஒரு புடலைக்கொடி வந்தது. மாமியாரின் மனசு கொஞ்சம் இளகியிருக்கிறது, தானே போட்டிருக்கிறாள் என்று மருமகள் அதற்கும் ஒரு சொம்பு தண்ணீர் சேர்த்து ஊற்றினாள். ஏன் என்று கேட்கவில்லை. கேட்டால் கிழவி அழுதுவிடுவாளோ என்ற பயம் அவளுக்கு.

இன்று வெள்ளிக்கிழமை. பிற்பகல் மூன்று மணிக்கு அவள் வக்கீலம்மாவிடம் போய் ஒரு பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அது கோர்ட்டுக்குப் போனால் பெரியவன் சட்டப்படி இறந்தவன் ஆகிவிடுவான். அதற்கப்புறம் இரண்டு வருஷமாகப் பொறுமையாகக் காத்திருக்கும் நூலகரை அவள் கல்யாணம் செய்துகொள்ளலாம். நூலகருக்குப் பக்கத்து ஊரில் வீடு. நல்ல மனிதர். இவளிடம் ஒரு நாளும் "எப்ப?" என்று கேட்டதில்லை.

காலை ஆறு மணிக்கு வாளியோடு தோட்டத்துக்குப் போனவள், பந்தலுக்குக் கீழே அப்படியே நின்றுவிட்டாள்.

மூன்று கல்.

திங்கட்கிழமை ஒன்று. இன்று மூன்று. மூன்றும் ரப்பரில். மூன்றிலும் முடிச்சில்லை.

காற்று இல்லை, ஆனால் நடுக்கல் மட்டும் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. இப்போதுதான் யாரோ கையை எடுத்தமாதிரி. பின்சுவரைப் பார்த்தாள். இடுப்பளவு சுவர், ஆறு வயசுப் பிள்ளைகூடத் தாண்டலாம். கீரைப்பாத்தியில் காலடி ஏதாவது இருக்கிறதா என்று குனிந்து பார்த்தாள். தன் காலடியைத்தவிர வேறொன்றும் தெரியவில்லை. தன் காலடியே அவளுக்குச் சந்தேகமாக இருந்தது.

"வந்திருக்கீங்களா?" என்று கேட்டாள். சத்தமாகத்தான் கேட்டாள். கேட்டபிறகு, ஒரு பந்தலோடு பேசுகிறோமே என்று கூச்சம் வந்தது. ஒரு கல்லை அவிழ்த்து ரப்பர்க் கீற்றை முந்தானையில் முடிந்துகொண்டு உள்ளே வந்தாள்.

அடுக்களையில் மாமியார் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். இடது கையால்தான் ஆய்ந்தாள். போன வருஷம் குளியலறையில் வழுக்கி விழுந்ததிலிருந்து வலது கையில் பிடிமானம் இல்லை, தோளுக்கு மேலே எழும்பவும் எழும்பாது. தலை வாரிவிடுவதுகூட மருமகள்தான்.

"தோட்டத்துல எதையாவது பாத்தியா?" என்றாள் மாமியார், தலையைத் தூக்காமலே.

"என்னத்தைப் பாக்கணும், அத்தை?"

"ஒண்ணுமில்ல. வெண்டைக்காய் முத்திடப்போகுதேன்னு கேட்டேன்."

"பறிச்சாச்சு."

"சரி."

மருமகளும் ஒரு கொத்துக் கீரையை எடுத்து ஆய உட்கார்ந்தாள். சொல்ல வேண்டியது இருவருக்குமே இருந்தது, யார் முதலில் வாயைத் திறப்பது என்றுதான் தெரியவில்லை.

"இன்னிக்கு மூணு மணிக்குத்தானே?" என்று மாமியாரே கேட்டாள்.

"ஆமா, அத்தை."

"சாப்பாட்டு டப்பால கத்தரிக்காய் வெச்சிருக்கேன். மிச்சம் வெக்காம சாப்பிடு. வெறும் வயித்தோட போய்க் கையெழுத்துப் போடாதே."

மருமகளுக்குக் கண்ணைக் கரித்தது. தான் பெற்ற மகனைச் செத்தவன் என்று எழுதிக்கொடுக்கப் போகிறவளுக்குச் சாப்பாடு கட்டிக்கொடுக்கிறவளை என்ன சொல்வது? டப்பாவை வாங்கிக்கொண்டு நகர்ந்தாள்.

சின்னவன் கூரியர் வேன் ஓட்டுகிறவன். காலையில் அண்ணியைக் கடையில் இறக்கிவிடுவது அவன் வழக்கம். வேனில் ஏறியதும் அவள் ரப்பரை எடுத்து அவன் முன்னால் நீட்டினாள்.

"இதை நீயா கட்டினே?"

"எது, இதுவா? இது என்ன, பெல்ட்டா?"

"புடலங்காய்ல கட்டியிருந்துச்சு."

"அண்ணி, எனக்குப் புடலங்காயும் பீர்க்கங்காயும் தட்டுல விழுந்தாத்தான் தெரியும். அதுவும் அம்மா இது இன்னதுன்னு சொன்னாத்தான் தெரியும். நான் போய் அதுக்குக் கல்லு கட்டுவேனா?"

"சத்தியமா?"

"சத்தியமா." அவன் சிரிப்பை நிறுத்திக்கொண்டான். ரப்பரைக் கையில் வாங்கிப் பார்த்தான். முகம் மாறியது. "இது அண்ணன் வெட்டற மாதிரி இருக்கே."

"அதான்."

சிக்னல் பச்சையாகிப் பின்னால் நாலு வண்டி ஹாரன் அடித்தபிறகுதான் அவன் வேனை எடுத்தான்.

"வந்திருந்தா வீட்டுக்குள்ள வரவேண்டியதுதானே!" என்று திடீரென்று கத்தினான். "ஏழு வருஷம் அம்மா அந்தத் தெருக்கதவையே பாத்து உக்காந்திருக்கா. நீங்க என்ன, கல்லா? நான் என்ன, மரமா? வந்து புடலங்காய்க்கு மட்டும் கல்லைக் கட்டிட்டுப் போவானா ஒருத்தன்?"

"நான் சொல்லல. கல்லுதான் சொல்லுது."

"கல்லு சொல்லுதாம். ரெண்டரை மணிக்கு வந்து கூட்டிட்டுப் போறேன். தயாரா இருங்க."

கடையில் அன்று அவளுக்குக் கை ஓடவில்லை. தேய்க்கும் சக்கரத்தில் ஒரு பள்ளிக்கூட வாத்தியாரின் லென்ஸை ஓரத்தில் சில்லெடுத்துவிட்டாள். பதினோரு வருஷத்தில் இது நாலாவது. முதலாளி ஒன்றும் சொல்லாமல் இன்னொன்றை எடுத்துக்கொடுத்தார், அது திட்டுவதைவிட மோசமாக இருந்தது. கடை வாசலில் யார் வந்து நின்றாலும் நிமிர்ந்து பார்த்தாள். ஒரு பழுப்புச் சட்டைக்காரர் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றபோது அவள் சக்கரத்தை நிறுத்திவிட்டாள். திரும்பினார். யாரோ. படிக்கும் கண்ணாடி கேட்டு வந்தவர்.

மத்தியானம் டப்பாவைத் திறந்தாள். கத்தரிக்காய் பொடிப்பொடியாக, அவளுக்குப் பிடித்தமாதிரி மொறுமொறுவென்று வதக்கியிருந்தது. வீட்டில் மற்ற இருவருக்கும் குழைந்தால்தான் பிடிக்கும். இவளுக்காகத் தனியாக ஒரு வாணலி வைத்திருக்கிறாள் கிழவி. பாதிக்கு மேல் இறங்கவில்லை.

வக்கீலம்மாவுக்கு ஜலதோஷம். மூக்கை உறிஞ்சிக்கொண்டே பத்திரத்தை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"நான் முழுசா ஒரு தடவை படிச்சுக் காட்டணும். சட்டம். பொறுமையாக் கேளுங்க."

படித்தார். பெயர், வயது, முகவரி, காணாமல்போன தேதி. மருமகள் தலையாட்டிக்கொண்டே வந்தாள். கடைசிப் பத்தி வந்தது.

"மேற்படி நபர் உயிரோடு இருப்பதைக் காட்டும் எந்தக் கடிதமோ, தொலைபேசி அழைப்போ, ஆள்மூலமான செய்தியோ, வேறு எவ்வித அடையாளமோ கடந்த ஏழு ஆண்டுகளில் எனக்கு வந்து சேரவில்லை என்று மனசாட்சிப்படி உறுதி கூறுகிறேன். அவ்வளவுதான். இங்க ஒண்ணு, அடுத்த பக்கத்துல ஒண்ணு."

பேனாவை நீட்டினார். மருமகள் வாங்கவில்லை.

"வேறு எவ்வித அடையாளமோன்னா என்னங்க?"

"சும்மா போடறதுதான். சட்டை, செருப்பு, யாராவது எங்கயாவது பாத்தேன்னு சொன்னது, இப்படி ஏதாவது."

"கல்லு?"

வக்கீலம்மா கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுத்தார். "என்ன கல்லு?"

மருமகள் ரப்பர்க் கீற்றை எடுத்துப் பத்திரத்தின்மேல் வைத்தாள். சொன்னாள். திங்கட்கிழமையிலிருந்து சொன்னாள். பக்கத்தில் சின்னவன் தலையைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"அண்ணி, இதையெல்லாம் இங்க எதுக்கு?"

"மனசாட்சிப்படின்னு போட்டிருக்கே. நான் எப்படிப் பொய்க் கையெழுத்துப் போடறது?"

"அவன் என்ன செத்துப்போய்க் காய்கறிக்கு வந்து கல்லு கட்டறானா?"

"உயிரோட இருந்தா?" என்றாள் அவள். "உயிரோட இருந்து, தினமும் வந்து என்னைப் பாத்துட்டுப் போறவரா இருந்தா? நான் இன்னிக்கு இதுல எழுதி, நாளைக்கு அவர் வாசல்ல நின்னா நான் என்ன பண்ணுவேன்?"

வக்கீலம்மாவுக்குக்கூடச் சட்டத்தில் அதற்கு இடம் இருக்கிறதா என்று தெரியவில்லை போலிருக்கிறது, மறுபடி மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"நான் அஞ்சு மணிவரைக்கும் இருப்பேன்," என்றார் கடைசியில். "இதை விட்டா கோர்ட் லீவு. அப்புறம் ரெண்டு மாசம். அவசரப்படுத்தல. ஆனா சந்தேகத்தோட போடாதீங்க. வீட்டுல போய்ப் பேசிட்டு வாங்க."

வேனில் வரும்போது சின்னவன் ஒரு வார்த்தை பேசவில்லை. சின்னவன் பேசாமலிருப்பது அந்த வீட்டில் மழைபெய்யாமல் ஓட்டு வீடு ஒழுகுவதுபோல, யாருக்கும் நம்பிக்கையே வராது.

மணி மூன்றே முக்கால். வீடு திறந்திருந்தது. அடுக்களையில் மாமியார் இல்லை. கூடத்தில் இல்லை. பின்கதவு விரியத் திறந்து கிடந்தது.

தோட்டத்தில், கவிழ்த்துப்போட்ட வாளிமேல் அவள் நின்றுகொண்டிருந்தாள். புடவையை முழங்கால்வரை தூக்கிச் செருகியிருந்தாள். இடது கை பந்தலுக்குள் போயிருந்தது. ரப்பர்க் கீற்றின் ஒரு முனையைப் பல்லால் கடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா!" என்றான் சின்னவன்.

கல் கீழே விழுந்தது. வாளி ஆடியது. மருமகள் ஓடிப்போய் மாமியாரின் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். பிடித்தவள் விடவில்லை. இறக்கவும் இல்லை.

"நீங்களா அத்தை?"

மாமியாரின் வாயில் இன்னும் ரப்பர் இருந்தது.

"ஏம்மா இப்படிப் பண்ணினே?" சின்னவன் குதித்தான். "அங்க வக்கீல் ஆபீஸ்ல மானம் போச்சு. காலைலேர்ந்து நான் ரோட்ல பழுப்புச் சட்டை போட்டவனையெல்லாம் அண்ணனான்னு பாத்துக்கிட்டே வண்டி ஓட்டினேன். ரெண்டு பேரை இடிக்கப் பாத்தேன்!"

"கத்தாதே. இறக்கிவிடுங்க முதல்ல."

இறக்கினார்கள். மிளகாய்ச் செடிக்குப் பக்கத்தில், ஈரமண் என்றும் பார்க்காமல் கிழவி உட்கார்ந்துவிட்டாள். பெரியவனின் பழைய டூல் பெட்டியிலிருந்து எடுத்த ட்யூப் துண்டு மடியில் கிடந்தது.

"அவர் திரும்பி வந்துட்டாருன்னு என்னை நம்பவெக்கப் பாத்தீங்களா?" மருமகளுக்கு வாய் கோணியது. "நாலு நாளா எனக்குச் சோறு இறங்கல அத்தை. குளிக்கப் போனா யாரோ ஜன்னல்கிட்ட நிக்கற மாதிரி இருந்துச்சு. நான் செத்துச் செத்துப் பொழச்சேன்."

"தெரியும். பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

"பாத்துக்கிட்டேவா?"

"சாயங்காலம் உன் டப்பா காலியா வருதா, பாதி வருதான்னு பாத்தேன். பாதி வந்துச்சு. அப்பவும் கட்டினேன்." மாமியார் இடது கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள், மண் கன்னத்தில் ஒட்டியது. "அந்தக் கொடியைப் பாத்ததுலேர்ந்து எனக்குப் புத்தி ஒரு நிலையில இல்லம்மா."

"அவர் வருவாருன்னு நெனச்சீங்களா?"

"அவனா?" கிழவி சிரித்தாள். சிரிப்பென்று சொல்ல முடியாது. "அவன் வரமாட்டான்னு எனக்கு ரெண்டாவது வருஷமே தெரிஞ்சுபோச்சு. பெத்தவளுக்குத் தெரியாதா? தெருக்கதவைப் பாத்து உக்காந்தது அவனுக்காகன்னு நீங்க நெனச்சீங்க. நீ கடைலேர்ந்து ஆறரைக்கு வருவே. அதுக்குத்தான் உக்காந்திருந்தேன்."

சின்னவன் கீழே விழுந்த கல்லைப் பொறுக்கிக் கையில் வைத்துக்கொண்டான்.

"நீ கையெழுத்துப் போட்டா போயிடுவே," என்றாள் மாமியார். "போகணும். நியாயம் அதுதான். அந்த நூலகர் நல்லவர்னு எனக்கும் தெரியும். எல்லாம் தெரிஞ்சும் திங்கக்கிழமை காலைல நீ குளிக்கப் போனப்ப வாளியைக் கவுத்துப் போட்டு ஏறிட்டேன். வயசானா வெக்கம் போயிடும்னு சொல்வாங்க, பயம்தான் ஜாஸ்தியாகுது. செத்தவனைக் காட்டி உயிரோட இருக்கறவளைக் கட்டிப்போடப் பாத்தேன். என்னை மாதிரி ஒரு பாவி உண்டா?"

மருமகள் மண்ணில் அவளெதிரே உட்கார்ந்தாள். கோபம் நிறைய இருந்தது, ஆனால் பிடித்துவைக்க ஒரு இடம் கிடைக்கவில்லை.

"நான் ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வருவேன், அத்தை."

"விருந்தாளியா வர்றவங்களைக் கீரை ஆய விடமாட்டேன்."

"நான் ஆய்வேன்."

"பாப்போம்."

போகமாட்டேன் என்று மருமகள் சொல்லவில்லை. அது பொய். கிழவியும் அதை எதிர்பார்க்கவில்லை. எழுந்து, புடவையில் மண்ணைத் தட்டினாள்.

"மணி என்ன?"

"நாலேகால்," என்றான் சின்னவன்.

"வண்டியை எடு. நானும் வரேன். பெத்தவ கையெழுத்தும் இருந்தா இன்னும் நல்லதுன்னு அந்தம்மா போன தடவை சொன்னாங்கல்ல? அப்ப நான் காது கேக்காத மாதிரி இருந்துட்டேன்."

ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். மருமகள் முதலில். "வேறு எவ்வித அடையாளமோ" என்ற வரியை அவளே ஒரு தடவை வாய்விட்டுப் படித்தாள், தடுமாறவில்லை. பிறகு மாமியார். இடது கையால், எழுத்துக் கூட்டி, பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோல நாக்கு நுனியைக் கடித்துக்கொண்டு போட்டாள். போட்டுவிட்டுப் பேனாவை மூடி வக்கீலம்மாவிடம் கொடுத்து, "ஜலதோஷத்துக்கு மிளகு நாலு தட்டிப் போட்டு வெந்நீர் குடிங்க" என்றாள். வக்கீலம்மாதான் அழுதுவிட்டார். ஜலதோஷம் என்று சொல்லிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் மாமியார் நேரே தோட்டத்துக்குப் போனாள். கல் கட்டிய பிஞ்சுகளுக்கு மேலே, இலைக்குள் மறைந்து கல் இல்லாததால் வளைந்தே முழுநீளத்துக்கு வளர்ந்திருந்த ஒரு காயைச் சின்னவனை விட்டுப் பறிக்கச் சொன்னாள்.

"ஏழு வருஷம் ஆச்சு. இன்னிக்குச் சாப்பிடுவோம்" என்றாள்.

மருமகள் நறுக்கினாள். குடலை வழித்துப்போட்டு, மெல்லிய வளையமாக. மாமியார் பருப்பை மலர வேகவைத்து, காயைப் போட்டு, உப்பும் பச்சைமிளகாயும் சேர்த்து மூடினாள். ஆவியோடு அந்த வாசனை வந்தபோது மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. பார்த்தால் வம்பு.

ஏழு மணிக்கெல்லாம் தட்டு போட்டாகிவிட்டது. சின்னவன் மூன்றாம் முறை சோறு வாங்கினான். மாமியாரும் நன்றாகச் சாப்பிட்டாள். ஒப்புக்குக் கொறிக்கிறவள், இன்று விரலை வழித்துச் சாப்பிட்டாள். தோளில் இருந்து ஒரு மூட்டையை இறக்கிவைத்தவள்போல முகம் தெளிந்திருந்தது. பத்து வயசு குறைந்திருந்தது என்றுகூடச் சொல்லலாம். அதைப் பார்த்துப் பார்த்து மருமகளுக்கும் பசித்தது.

"நல்ல ரகம்மா," என்றாள் மாமியார், வாயில் கவளத்தோடு. "நார் இல்ல, கசப்பு இல்ல. வெள்ளை வரி ஓடற நீட்டுப் புடலை. இது இப்பல்லாம் எங்கயும் கிடைக்கறதில்லையே. விதை எங்க வாங்கினே?"

மருமகளின் கை தட்டில் நின்றது.

"நானா?"

"நீதானே போட்டே? அவன் எடுக்கற மாதிரியே அழகா வட்டமாக் குழி எடுத்து, அடியில சாம்பல் தூவி, ஓரமா செங்கல் துண்டு வெச்சிருந்தே. அதைப் பாத்த அன்னிக்கு அடுக்களைல போய் நின்னு அழுதேன். சரி, உன் மனசுலயும் அவன் இன்னும் இருக்கான், கேட்டா உனக்குச் சங்கடமா இருக்கும்னு விட்டுட்டேன். அதுதானே எனக்குக் கல்லைக் கட்டற புத்தியையே குடுத்துச்சு."

சின்னவன் தண்ணீர்ச் செம்பை எடுத்துக் கடகடவென்று குடித்துக்கொண்டிருந்தான். அவனுக்கு இது காதில் விழவே இல்லை.

மருமகள் குழியை நினைத்துப் பார்த்தாள். மாமியார் எடுத்த குழி என்றுதான் இரண்டரை மாதமாகத் தண்ணீர் ஊற்றினாள். குப்பையில் கிடந்த விதை முளைத்திருக்கலாம், காக்கை போட்டிருக்கலாம். ஆனால் காக்கை வட்டமாகக் குழியெடுத்துச் சாம்பல் தூவாது, செங்கல் வைக்காது.

மூன்று மணிநேரம்கூட ஆகவில்லை, மனசாட்சிப்படி என்று கையெழுத்துப் போட்டு.

அவள் நிமிர்ந்து மாமியாரைப் பார்த்தாள். இந்த முகத்திடம் "நான் போடல அத்தை" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கிழவி தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவாள். நாளைக் காலையிலிருந்து தெருக்கதவில் நாற்காலி போட்டு உட்காருவாள், இந்தத் தடவை நிஜமாகவே அவனுக்காக. சாகிறவரை உட்காருவாள்.

"சந்தையில, அத்தை," என்றாள் மருமகள். "ஒரு பெரியவர் வித்துக்கிட்டிருந்தார். ஒரு பொட்டலம் வாங்கினேன்."

"நல்ல ஆளாப் பாத்துத்தான் வாங்கியிருக்கே. இன்னும் கொஞ்சம் போட்டுக்கோ."

"போடுங்க."

மாமியார் கரண்டியை எடுத்தவள், கொல்லைப்பக்கம் திரும்பிப் பார்த்தாள். "பின்கதவைச் சாத்திட்டு வந்துடும்மா. விளக்குக்குப் பூச்சி வருது."

மருமகள் எழுந்து போனாள். இருட்டத் தொடங்கியிருந்தது. புடலைப்பூ சாயங்காலத்தில்தான் விரியும். நூல் நூலாய்ப் பிரிந்த வெள்ளைப் பூக்கள் பந்தல் முழுக்கத் திறந்திருந்தன. மூலையில், செங்கல் துண்டுகளுக்கு நடுவே தண்டு மட்டும் கறுப்பாகத் தெரிந்தது. தோட்டத்தில் யாரும் இல்லை. யாரும் இல்லை என்று இனி எதை வைத்துச் சொல்வது?

காலையில் இதே இடத்தில் "வந்திருக்கீங்களா?" என்று கேட்டபோது அவளுக்கு இருந்தது பயமும், வெட்கத்தை விட்டுச் சொன்னால், கொஞ்சம் ஆசையும். இப்போது ஆசை இல்லை. உடம்பெல்லாம் கோபம் ஏறியது. சுவரைத் தாண்டி வந்திருக்கிறான். குந்தி உட்கார்ந்து, நிதானமாக மண்ணைக் கிளறி, சாம்பல் தூவி, விதையைப் போட்டிருக்கிறான். கதவு பத்தடி தூரம். உள்ளே அம்மா இருக்கிறாள், தம்பி இருக்கிறான், இவள் இருக்கிறாள். தட்டவில்லை.

"என்னம்மா, அங்கேயே நின்னுட்டே?" என்று உள்ளிருந்து குரல் வந்தது. "சோறு ஆறுது!"

"இதோ வந்துட்டேன், அத்தை."

கதவை இழுத்துச் சாத்தினாள். கீழ்த் தாழ்ப்பாளைப் போட்டாள். பிறகு எட்டி, துருப்பிடித்து ஏழு வருஷமாக யாரும் தொடாமலிருந்த மேல் தாழ்ப்பாளையும், இரண்டு கையாலும் அழுத்தித் தள்ளிப் போட்டாள்.